மூன்று விரற்கடை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
2-9-1934

கிள்ளான் மாநகரில் கொலு வீற்றிருக்கும் என் அக்காள் மகள் சௌபாக்கியவதி இராஜம்மாவுக்கு, மலாய் நாட்டு ரயில் வண்டிச் சக்கரங்களுக்கெல்லாம் எண்ணெய் வார்க்கும் மகாமந்திரி, உன் தாய்மாமன் பக்கிரிசாமி ஆசீர்வதித்து எழுதுவது.

இவ்விடம் சௌக்கியம். அவ்விடம் உன் சௌக்கியமும், வீட்டுக்காரர் ரெங்கசாமி, மாமியார், மூன்று மாத மகாராணி சந்திரகலா ஆகியோர் சௌக்கியமும் அறிய ஆவல். இப்படி ஆவல் தெரிவிப்பது இது நான்காவது தடவை. முதல் மூன்று கடிதங்களையும் ஆற்று முதலை தின்றிருக்க வேண்டும். கிள்ளான் முதலைகளுக்குப் படிப்பில் ருசி அதிகம் என்று கேள்வி.

போன வாரம் மாப்பிள்ளை துறைமுகத்து வேலையாக இங்கே வந்தவர் என்னையும் பார்த்துவிட்டுப் போனார். "எப்படி இருக்கா எம் பொண்ணு?" என்றேன். "காய்ச்சல் விட்டு உடம்பு தேறிட்டா மாமா. முடிதான் நுனியெல்லாம் காஞ்சு தேங்கா நாரு மாதிரி ஆயிடுச்சு. சீவுறப்ப சிக்கு விழுந்து அழுவுறா" என்றார். கேட்ட மாத்திரத்தில் என் கையிலிருந்த எண்ணெய்க் குவளை நழுவியது. வடக்கே போகிற மெயில் வண்டி ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் ஈப்போ வரைக்கும் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று. வழியில் யானைகள் காதைப் பொத்திக்கொண்டனவாம்.

உடனே பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்து அம்மாள், முழங்கால் தொடும் கூந்தல். அவருடைய வீட்டுக்காரர் கார்த்திகேசு கிள்ளான் வண்டியில் கொடி காட்டும் கார்டு. விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்டார்:

"உந்தப் பிள்ளை எண்ணெயை எங்கை வைக்கிறாள்?"

"எங்க வைப்பா? உச்சந்தலையிலதான்."

"அதுதான் பிழை. உச்சியிலை ஊத்திற எண்ணெய் நுனிக்குப் போய்ச் சேருமே? நுனிக்கு நுனியிலைதான் வைக்கோணும்."

தேங்காயெண்ணெய் நாலு சொட்டு போதுமாம். உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, கூந்தலின் கடைசி ஒரு சாண் மட்டும் கைக்குள் பொத்திப் பொத்தித் தடவ வேண்டும். பிறகு பழைய மல் துணியில் தளர்வாக முடிந்துகொண்டு படுக்கலாம். காலையில் சீயக்காயைக் குறைத்து, வடிகஞ்சியைக் கூட்டி அலச வேண்டும்.

கார்த்திகேசு கையில் ஒரு போத்தல் கொடுத்தனுப்புகிறேன். கிள்ளானுக்கு அந்தப் பக்கம் காப்பார் தோட்டத்துத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய். உங்கள் கிள்ளான் வழியாக வந்ததைக் கிள்ளானுக்கே அனுப்புகிறேன். பூமி உருண்டை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மற்ற விஷயம் நேரில்.

பக்கிரிசாமி


கிள்ளான்
9-9-1934

மாமா அவர்களுக்கு இராஜம்மா எழுதுவது.

எண்ணெய் வந்தது. மூன்று கடிதங்களும் வந்தன. முதலை எதுவும் தின்னவில்லை.

தைப்பூசத்தன்று மொட்டையடிக்கப்போகிற தலைக்கு நுனியில் எண்ணெய் எதற்கு?

"மற்ற விஷயம்" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு ஒதுக்க முடியவில்லை. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நினைவே இல்லை. நினைவு திரும்பிய அன்று மாமியார் என் காதில் சொன்ன முதல் சேதி: "உங்க மாமா பத்துமலைக்குப் போயி உன் முழு முடியையும் முருகனுக்கு நேந்துட்டு வந்தாரும்மா. அதனாலதான் நீ பிழைச்சே." அன்றிலிருந்து அவர் இதைச் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. பாசாரில் கீரை விற்பவள்கூட என் கொண்டையைப் பார்த்து, "எப்பம்மா, தைப்பூசத்துக்கா?" என்று கேட்கிறாள்.

காய்ச்சலில் பாதி முடி கொட்டிவிட்டது. மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார் மாமியார். இவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். எனக்கும் பயமாக இருக்கிறது. குழந்தை தும்மினால்கூடக் கை தானாக என் கூந்தலுக்குப் போகிறது.

நானே நேர்ந்திருந்தால் சந்தோஷமாக மழித்துக்கொள்வேன் மாமா. என் தலையை என்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அதுதான் ஆறவில்லை. நீங்கள் வந்தபோது நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் அதனால்தான்.

குழந்தை நன்றாக இருக்கிறாள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
13-9-1934

என் குலக்கொழுந்து இராஜம்மாவுக்கு, அடி வாங்கிய மாமன் எழுதுவது.

கடிதம் கண்டேன். கண்டு, வாசலில் நின்ற தண்ணீர்ப் பீப்பாயில் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் வெட்கப்பட்டு வற்றிவிட்டது.

நான் என்ன செய்யட்டும் தாயி? என் தலையைக் கொடுக்கலாம் என்றால், காதோரம் எண்ணிப் பதினேழு மயிர் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வைத்தால் முருகனுடைய மயில் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். ஆகவேதான் உலகிலேயே சிறந்த பொருளை நேர்ந்தேன். அன்று நான் குகைக்குள் நின்று, "வேலவா! என் பெண் கூந்தல் முழுவதும் உன் காலடியில்!" என்று முழங்கியபோது நாலாயிரம் வௌவால்கள் மூச்சை நிறுத்தின. பண்டாரத்தின் கையிலிருந்த மணி கீழே விழுந்தது. இரண்டு குரங்குகள் தோப்புக்கரணம் போட்டன. இதற்கு மேல் ஒரு பிரார்த்தனை இந்த மலாய் நாட்டில் நடந்ததில்லை.

ஆனால் மொட்டையடிக்கும் வரைக்கும் அது உன் தலைதானே? அழுதுகொண்டே ஏன் சீவ வேண்டும்?

நீ எண்ணெய்த் தொழிலில் இல்லை, நான் இருக்கிறேன். கேள். முடி என்பது ஒரு ரயில் பாதை. வேர் கோலாலம்பூர், நுனி போர்ட் சுவெட்டன்ஹாம். தலையில் ஊறுகிற எண்ணெய் கோலாலம்பூரில் புறப்பட்டு பிரிக்பீல்ட்ஸ் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகிறது. கடைசி ஸ்டேஷன்காரன் வெயிலில் காய்ந்துகொண்டு காத்துக் கிடக்கிறான். பூமணி அக்கா இன்னொன்றும் சொன்னார்: "நுனிதான் மூத்த முடி. வேரிலை இருக்கிறது நேற்றைய முடி. நுனி பத்து வருச வெயில், பத்து வருச மழை பாத்தது. வயசான ஆளைப் போலத்தான் அதைத் தொடோணும்."

ஆகவே கட்டளைகள்: கிணற்றுத் தண்ணீரில் தலை அலசாதே. உங்கள் கிணறு உப்பும் துருவும். அதில் பொங்கினால் வெள்ளைச் சோறு வெட்கப்பட்டுச் சிவக்கிறது. கூரையில் வடியும் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடி. பிள்ளை பெற்ற உடம்பு என்று தினமும் சாம்பிராணிப் புகை காட்டுகிறார்களே, உச்சிக்குக் காட்டட்டும். நுனியைத் தணலுக்கு மேலே தொங்கவிடாதே. ஈரத் தலையைத் துண்டால் விளாசாதே, ஒற்றி எடு. பேன் சீப்பைத் தூர எறி. அகலப் பல் மரச்சீப்பால் கீழிருந்து மேலே சிக்கெடு.

இப்படிக்கு,
பதினேழு மயிர்ப் பக்கிரிசாமி


கிள்ளான்
7-10-1934

மாமா அவர்களுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் சொன்னது பலித்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மழைத் தண்ணீருக்கு மாறிய பிறகுதான் முடி கொஞ்சம் இளகியது. இப்போது கடைசிச் சாண் விரலுக்குள் வழுக்கிப் போகிறது. பிளந்த முடி ஒட்டவில்லை. அது ஒட்டாது போலிருக்கிறது. ஆனால் புதிதாகப் பிளக்கவில்லை. சீவும்போது முன்போலக் கொத்தாக அறுந்து வருவதும் இல்லை. நுனியைத் தணலிலிருந்து தள்ளிப் பிடித்ததற்கு மாமியார் முதலில் கோபப்பட்டார். பிறகு நான் எண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டு, "அறுக்கப்போற வாழைக்கு எதுக்கும்மா தண்ணி?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னார். தினமும் மாலையில் குழந்தை தூங்கிய பிறகு அரைமணி நேரம் இது ஒன்றுதான் எனக்கென்று நான் செய்கிற காரியம். அதனால் செய்கிறேன்.

இப்போது ஒரு விஷயம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆஸ்பத்திரியில் என் மாமியாரிடம் நீங்கள் சொன்னபோது, மணி தானாக அடித்தது என்றீர்களாம். கடிதத்தில் மணி கீழே விழுந்தது. போத்தல் வாங்கிக்கொள்ள உங்களிடம் வந்த கார்த்திகேசு அண்ணனிடம், படி முழுவதும் உருண்டே ஏறியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் குரங்கே இல்லை. கடிதத்தில் இரண்டு குரங்கு.

நீங்கள் அளந்து பேசுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் உங்கள் கதைக்குத்தான் சோறு தின்றேன். ஆனால் இது என் தலை. குரங்கு வேண்டாம், வௌவால் வேண்டாம். முருகன் முன்னால் நின்று நீங்கள் சொன்ன சொல் எது? ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் அதை மட்டும் எழுதுங்கள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
14-10-1934

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

நுனி இளகியது என்ற வரியைப் படித்ததும் ஸ்டேஷனில் நின்ற ஆறு என்ஜின்களும் ஒரே நேரத்தில் ஊதின.

இத்துடன் செம்பருத்தி இலை ஒரு கட்டு. கார்த்திகேசுவின் கொடிப் பெட்டிக்குள் பச்சைக் கொடியோடு கொடியாக வருகிறது. வழியில் இலையை எடுத்து ஆட்டிவிடப்போகிறார் என்று பயம். இலையை மழைத் தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று வரும். அதை வடிகட்டி நுனியில் தடவி, காய்வதற்குள் அலசிவிடு. பூமணி அக்கா வீட்டில் அந்த வழவழப்பில் கால் வைத்த பூனை மூன்று வீடு வழுக்கிக்கொண்டே போய் நாலாவது வீட்டில் வளர்கிறது.

வெந்தயம் ஊறவைத்து அரைத்தும் பூசலாம். குளிர்ச்சி. ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு, சளி பிடித்துவிடும், பார்த்துச் செய்.

என்னமோ கேட்டிருந்தாய். வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

பக்கிரிசாமி


கிள்ளான்
18-10-1934

மாமா,

செம்பருத்தி வந்தது. சொல் வரவில்லை.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
1-11-1934

ராஜம்மா,

இரண்டு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, நீ அதில் இல்லை. மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் என்னை வெளியே கூட்டிவந்து, "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்" என்றார். உன் அம்மா போன அன்றைக்கும் இதையேதான் சொன்னார்கள். நான் ரயிலேறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. பத்துமலை அடிவாரத்தில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

நடந்துதான் ஏறினேன். உருளவில்லை. மேலே யாரும் இல்லை. ஒரு பண்டாரம் பெருக்கிக்கொண்டிருந்தார். கற்பூரம் ஏற்றினேன். வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

என் உயிரை எடுத்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். உயிரை ஒரு நாளைக்கு நூறு தடவை நான் யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். கடையில் காப்பி நன்றாக இருந்தால் கடைக்காரனுக்குக் கொடுக்கிறேன். பெரிதாக எதைச் சொன்னாலும், இது இவனுடைய வழக்கமான புளுகு என்று முருகன் நினைத்துவிட்டால்? நினைத்துவிட்டு உன்னை விட்டுவிட்டால்? பயம் வந்துவிட்டது. சின்னதாகச் சொல்லலாம் என்றால் எனக்குச் சின்னதாகப் பேசத் தெரியவில்லை. பழகவே இல்லை. கற்பூரம் அணைகிறவரை வாயைத் திறந்தபடியே நின்றேன். பிறகு இறங்கி வந்துவிட்டேன்.

கிள்ளானுக்குத் திரும்பினால் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. உன் மாமியார் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "என்ன நேந்தீங்க சம்பந்தி?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குகைக்குள் பேச்சு வராத வாய் அங்கே திறந்துகொண்டது. முழு முடி என்றேன். சொன்ன பிறகு ஊரே மெச்சியது. குரங்கும் வௌவாலும் அப்புறம் வந்து சேர்ந்தவை.

ஆகவே உன் முடியை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது உன்னுடையது. மொட்டைக்கு நாள் குறித்த தலைக்கு எண்ணெய் எதற்கு என்று கேட்டாயே, எனக்கு இது தெரியும். அதனால்தான் அனுப்பினேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் போத்தலில் அனுப்பினேன்.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் மாமியாரிடம் நானே சொல்கிறேன்.

மாமா


கிள்ளான்
14-11-1934

அன்புள்ள மாமாவுக்கு,

சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் வண்டிக்கு ஓடிவிட்டீர்கள். அதனால் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார். நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஊருக்கெல்லாம் சேத்து ஒத்த ஆளா பேசுற மனுசன். அங்க போயி வாயடைச்சா நின்னாரு?"

"ஆமா அத்தை."

"அதைவிட ஒரு நேர்த்தி வேணுமா என்ன? முருகனுக்குக் கேட்டிருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நாலு மாசமா தெரு பூரா என்னைச் சொல்ல வச்சாரே, அதுக்கு அவருக்கு இருக்கு" என்றார். அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.

இவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப மொட்டை இல்லையாம்மா?" என்றார். "அவ தலை, அவகிட்ட கேளு" என்று மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். என்னிடம் யாராவது இதைக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் யோசித்தேன். மொட்டை வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு போகவும் மனசில்லை. பிழைத்தது நான்தானே. அதனால் பூமுடி கொடுக்கிறேன்: நுனியில் மூன்று விரற்கடை. சுமங்கலிகள் எத்தனையோ பேர் கொடுக்கிறதுதான். மாமியார் சரி என்றுவிட்டார்.

அது சின்ன விஷயம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. நேற்று எண்ணெய் தடவும்போதுதான் உறைத்தது. நுனிதான் மூத்த முடி என்று பூமணி அக்கா சொன்னாரே. அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது இருபது. வேரிலிருந்து இடுப்பு வரைக்கும் இருப்பதெல்லாம் அம்மா பார்க்காத முடி. அம்மா கை பட்டுச் சீவியது என்று என்னிடம் மிச்சம் இருந்தால், அது அந்தக் கடைசி மூன்று நாலு விரற்கடைதான்.

அதைத்தான் கொடுக்கப்போகிறேன் மாமா. அதைக் காய்ந்த நாராகவா கொண்டுபோய் வைப்பது? தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. அனுப்புங்கள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்
18-11-1934

ராஜம்மாவுக்கு,

இரண்டு போத்தல் வருகிறது. இலையும் வருகிறது. உன் கடிதத்தை வேலை முடிந்து ஷெட்டில் உட்கார்ந்து படித்தேன். கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவன் நம்பினான். அதுவே நான் இந்த மாதம் சொன்ன ஒரே பொய்.

பூமணி அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும். நீங்கள் கதைச்ச கதையிலை உந்த மணி மட்டும் நாலு தரம் விழுந்தது" என்றார்.

தைப்பூசத்துக்கு நான் மலைக்கு வரமுடியாது போலிருக்கிறது. அன்று ஸ்பெஷல் வண்டிகள் விடுகிறார்கள், லீவு இல்லை. நீ வருகிற பெட்டிக்குச் சக்கரம் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நாவிதனிடம் கண்டிப்பாகச் சொல்: மூன்று விரற்கடை என்றால் உன் விரலால். அவன் விரலால் அளந்தால் தோள்பட்டை வரை போய்விடும்.

மாமா


கிள்ளான்
24-1-1935

அன்புள்ள மாமாவுக்கு,

கோலாலம்பூரில் வண்டி நின்றபோது உங்களைத் தேடினேன். கூட்டத்தில் தெரியவில்லை. ஆனால் பத்துமலை வரை சக்கரம் ஒரு சத்தமும் போடவில்லை. குழந்தை எழுந்திருக்கவே இல்லை.

மலையடிவாரத்து ஆற்றோரம் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்தேன். "முழுசாம்மா?" என்றார். பூமுடி என்றேன். விரலை நீட்டினார். நீங்கள் சொன்னது சரிதான், ஒவ்வொன்றும் வாழைக்காய். "என் விரலால அளங்கண்ணே" என்று என் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே நுனியைக் கையில் எடுத்தவர், கத்தியை வைக்காமல் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பச்சைப் பிள்ளை முடி மாதிரி இருக்கு? நுனின்னா துடைப்பமாத்தான் பாத்திருக்கேன். நல்லா இருக்கே, இதையா கொடுக்கப்போறே?"

"நல்லா இருக்குன்னுதாண்ணே கொடுக்குறேன்" என்றேன்.

வெட்டியது தெரியவே இல்லை. உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். ஒரு குருவி இறகு கனம்கூட இல்லை. வெற்றிலையில் வைத்து மடித்துக்கொண்டு படியேறினேன். பிள்ளையை மாமியார் தூக்கிக்கொண்டார். மேலே ஒரே கூட்டம், காவடி, தள்ளு. இருந்தாலும் முன்னால் போய் நிற்க இடம் கிடைத்தது. தட்டில் வைத்தேன்.

வைத்துவிட்டு வாய் திறந்து சொன்னேன். எனக்காகவும், பிள்ளைக்காகவும், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போன உங்களுக்காகவும் சேர்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் அதற்கு இறக்கை முளைத்துவிடும். அது முருகனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக, நான் சொன்ன அளவிலேயே இருக்கட்டும்.

இராஜம்மா